கிளை வழியில் காத்திருப்பதாகச் சொன்னவள்

நெட்டையின் ஷூ லேஸில் விழுந்திருந்த முடிச்சு சுண்டு போட்டது இல்லை.

ஜீப் அவர்களை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போன பிறகு, வழக்கம்போல ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்த சுண்டு அப்படியே நின்றுவிட்டாள். கல்லூரிக் காலத்தில் கைப்பந்து ஆடப்போய் நெட்டையின் இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகக் கூடியது. அந்தக் கையால் எதையும் இழுத்து இறுக்க முடியாது. எந்த மலைக்குப் போனாலும் கிளம்புமுன் அவள் காலை நீட்டுவாள், சுண்டு கட்டிவிடுவாள். "குட்டச்சி குனியவேண்டிய தூரம் கம்மி" என்பாள் நெட்டை. இருவரும் சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் அது அவர்கள் இருவருக்கும் மட்டுமேயான சிரிப்பு. இன்றைக்கு லேஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இரண்டு சுற்று சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த முடிச்சு. சின்னது. அழகானது. இரக்கமே இல்லாமல் இறுகியது.

"டாக்டர் கட்டிவிட்டாடி, ஜீப்லயே. மாட்டுக்குத் தையல் போடுற முடிச்சாம். என்ன இழுத்தாலும் அவிழாதாம்."

"ஓ" என்றாள் சுண்டு. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். தட்டத் தட்ட அந்த மண் போகவே இல்லை.

வந்தவர்கள் நான்கு பேர். சுண்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள், பகல் முழுவதும் இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி பார்த்தது தெளிவா இருந்துச்சா?" என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டுக்கொண்டிருப்பவள். நெட்டை, கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுபவள். பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருக்கும் மூன்றாமவனுக்கு மாமா என்று பெயர். யாருக்கும் மாமா இல்லை; பதினெட்டு வயதிலேயே தொப்பையும் அறிவுரையும் வந்துவிட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். இந்த மூவரும் பல வருடங்களாகச் சேர்ந்து மலை ஏறுகிறவர்கள்.

நான்காவது ஆள் டாக்டர். கால்நடை டாக்டர்.

போன மழைக்காலத்தில் நெட்டையின் நாய் எலிமருந்தைத் தின்றுவிட்டது. அந்த இரவு முழுக்க நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம் இந்த டாக்டர். நாய் பிழைத்துவிட்டது. நாய்க்குப் போட்ட ஊசியை நெட்டைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று சுண்டு மாமாவிடம் ஒருமுறை சொன்னாள். நகைச்சுவை மாதிரி சொன்னாள், மாமாவும் சிரித்தான். ஆனால் விஷயம் அதுவல்ல. அப்படி ஓர் இரவு வந்தால் நெட்டை கூப்பிட வேண்டியது சுண்டுவை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவளைத்தான் கூப்பிட்டாள், கல்யாணப் பேச்சு முறிந்தபோதும் அவளைத்தான். நாய் விஷயம் மட்டும் எல்லாம் முடிந்தபிறகு, பேச்சோடு பேச்சாக, "அட, உன்கிட்ட சொல்லலையா?" என்று வந்தது.

டாக்டரிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் சுண்டுவுக்குப் பெரிய குறை. அமைதியானவள். வெள்ளைச் சிரிப்பு. மூக்கின்மேல் கனமான கண்ணாடி. தொழில் பழக்கத்தில் ஜீப்பிலேயே சுண்டு அதை அளந்துவிட்டாள்: கிட்டப்பார்வை, நல்ல பவர், கழற்றினால் கைநீட்டும் தூரத்தில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. அவளுக்குள் எட்டிப்பார்த்த சின்னச் சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது.

வழி மரங்களுக்குள் நுழைந்தது. வெயில் இலைகளில் தங்கிவிட, தரையில் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல்தான் எஞ்சியது. மக்கிய இலையின் வாடை, எங்கோ பாறைக்கு அடியில் நீர் ஊறும் ஒலி, ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்த பூச்சிகள், பையின் வார் தோளில் உரசும் சத்தம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, வளைவுக்கு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்த இருவரின் சிரிப்பு. நெட்டையின் நீளமான காலுக்கு டாக்டரின் கால் சரியாக ஈடுகொடுத்தது. சுண்டு இரண்டு எட்டு வைக்கிற இடத்தை அவர்கள் ஒன்றில் கடந்தார்கள். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டு, "என்னடி சிரிப்பு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. சொன்னா உனக்குப் புரியாது. நாய் விஷயம்."

நாயை நெட்டையின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததே சுண்டுதான், ஒரு அட்டைப்பெட்டியில். அதை அவள் சொல்லவில்லை. வழியோரத்து நாணல் ஒன்றை ஒடித்து, கணு கணுவாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு மறுபடி ஏறத் தொடங்கியபோது, சுண்டுவின் முட்டி வலிக்க ஆரம்பித்திருந்தது. மாமா வழி பார்க்க முன்னே போனான், அவன் பின்னால் நெட்டை. டாக்டர் மட்டும் நடையைத் தளர்த்தி, சுண்டுவின் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"மெதுவாவே போகலாம். உங்க முட்டி பத்தி அவ சொன்னா."

"அவளா?"

"உங்களைப் பத்தி எப்பவும் சொல்லிட்டே இருப்பா." டாக்டர் அன்பாகத்தான் சொன்னாள். உள்ளே ஒரு முள்ளும் இல்லை. "'பாவம் சுண்டு, என்னை விட்டா அவளுக்கு யாரும் கிடையாது, அதனாலதான் எங்கே போனாலும் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லுவா. எனக்கு அப்படி ஒரு ஃப்ரெண்ட் இருந்ததே இல்ல. உங்களைப் பார்த்தா பொறாமையா இருக்கும்."

சுண்டு சிரித்தாள். கன்னத்துச் சதை தானாக மேலே போனதை அவளே உணர்ந்தாள். பாவம் சுண்டு. கூட்டிட்டுப் போறேன். அந்த இரண்டையும் நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு அவள் வெகுதூரம் நடந்தாள், துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல்.

வழி ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் செங்குத்தாக மேலே ஏறியது. வலது பக்கம் மெதுவாக, ஆளை அழைப்பது போலக் கீழே இறங்கி, மூங்கில்களுக்குள் மறைந்தது. முன்னே போன மாமா பின்னால் வருபவர்களுக்காக நடுவழியில் மூன்று குச்சிகளை வைத்து ஓர் அம்புக்குறி செய்துவிட்டுப் போயிருந்தான். அம்பு இடது பக்கம் காட்டியது.

"ஒரு நிமிஷம்..." டாக்டர் கூச்சத்தோடு புதர்ப்பக்கம் கை காட்டினாள். "நீங்க இங்கயே இருப்பீங்கல்ல? வழி விஷயத்துல எனக்கு மூளையே கிடையாது. சொந்தத் தெருவுலயே தொலைஞ்சு போறவ நான்."

"இருக்கேன், போயிட்டு வாங்க."

இலைகள் அவளை மூடின. சுண்டு தனியாக நின்றாள். குனிந்து அம்புக்குறியைப் பார்த்தாள். கேட்டால் கால் பட்டுத் திரும்பிவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் முதலில் காலால் தள்ளினாள். சரியாகத் திரும்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து, கையாலேயே எடுத்து, ஒவ்வொரு குச்சியாக, பார்த்துப் பார்த்து வலது பக்கம் திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் அலையட்டும். இருட்டுவதற்குள் கத்திக் கூப்பிட்டு அழைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை, அந்த வெள்ளைச் சிரிப்பு கலைந்து, மூச்சிரைக்க, அசடு வழிய அவள் வந்து நிற்பதை நெட்டை பார்க்கட்டும்.

கடைசிக் குச்சியை வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது பூச்சிகள் நின்றன.

ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும், சுவிட்சை அணைத்தாற்போல. கீழே இறங்கிய வழியிலிருந்து ஒரு குளிர் ஏறிவந்து அவள் முகத்தைத் தொட்டது. காற்று இல்லை, மூங்கில் இலை ஒன்றுகூட அசையவில்லை. வெகுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்தக் குளிர். அதில் ஈரமண்ணின் வாடை, இப்போதுதான் தோண்டிய மண். யாரோ அவள் செய்ததைப் பார்த்து, புரிந்துகொண்டு, தலையாட்டிவிட்டதைப் போல அவளுக்குத் தோன்றியது.

எழுந்து மேட்டில் ஏறினாள். முட்டி வலி நினைவுக்கே வரவில்லை.

நெட்டையும் மாமாவும் ஒரு சாய்ந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சுண்டு தனியாக வருவதைப் பார்த்ததுமே நெட்டை எழுந்துவிட்டாள்.

"டாக்டர் எங்கடி?"

"பின்னாடியே வர்றாங்க. ஏதோ குளம்புத்தடம் பார்த்துட்டு நின்னாங்க."

பொய் தண்ணீர் மாதிரி வந்தது. உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தாள். நேரம் போனது. மரங்களின் நிழல் வழியைக் கடந்து மறுபக்கம் ஏறியது. நெட்டை கீழே நோக்கி, "டாக்டர்! ஏ டாக்டர்!" என்று கூப்பிட்டாள், காடு அதை வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. போவதும் வருவதுமாக நடந்தாள். கோணல் மணிக்கட்டை மறு கையால் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான் பிசைந்தாள். இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று சுண்டுவுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். தொலைந்தவள் நானாக இருந்தால் இவள் இப்படித் துடிப்பாளா? வந்த வார்த்தை வந்த வழியே இறங்கிவிட்டது.

"நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று மாமா பையைக் கழற்றினான். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே..."

அவன் பேச்சை நிறுத்தினான். அவன் பார்வை அவர்களின் தலைக்கு மேலே, மேட்டுப்பக்கம் போயிருந்தது.

அவர்கள் இன்னும் போய்ச்சேராத மேல்வழியில், வளைவில், முதுகைக் காட்டியபடி டாக்டர் நின்றுகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!" நெட்டை ஓடினாள். "எப்படிடி முன்னாடி போனே? உசுரே போயிடுச்சு எனக்கு!" தோளைப் பிடித்து உலுக்கினாள். டாக்டர் திரும்பினாள். உடம்பு முதலில் திரும்பியது, தலை கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

"வழி இருந்துச்சு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நெட்டையின் கை அவள் தோளில் இருந்தது. அதைப் பார்த்தாள், ஒரு பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு நெட்டையைத் தாண்டி, மாமாவைத் தாண்டி, சுண்டுவைப் பார்த்துச் சிரித்தாள்.

மூச்சிரைக்கவில்லை. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. கீழ்வழியில் போயிருந்தால் சேறு ஒட்டியிருக்கும், இந்தக் காலணிகளில் தூசிகூட இல்லை. அப்போ இவள் கீழே போகவே இல்லை, ஏதோ குறுக்குவழியில் ஏறிவந்துவிட்டாள் என்று சுண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. பெரிய மனசு. அந்தப் பெரிய மனசுமேல்கூடக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததில் பயம் சற்று மறைந்தது.

அந்தி சாய்கிற நேரத்துக்கு அவர்கள் தங்கவேண்டிய இடம் வந்தது: மரங்கள் விலகிய ஒரு பாறை மேடு, மூன்று பக்கம் காடு, நான்காவது பக்கம் ஒன்றுமில்லை. பாறை அங்கே சட்டென்று முடிந்து, கீழே பள்ளம் இருண்டு கிடந்தது. பள்ளத்துக்கு அந்தப்பக்கம் எதிர்ச்சரிவு, மூங்கிலாக. மாமா வாத்தியார் குரலில் எல்லாரையும் அந்த விளிம்புப் பக்கம் போகவேண்டாம் என்றான். கூடாரம் அடித்தார்கள், சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார்கள்.

நெட்டை டாக்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து நாய் கதை ஒன்றைத் தொடங்கினாள். டாக்டர் சிரிக்கவில்லை. நெட்டை அவள் முழங்கையை இடித்தாள். டாக்டர் எழுந்து, தீயைச் சுற்றிவந்து, சுண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நெட்டையின் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் சுள்ளியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தவள், மெதுவாக நகர்ந்து சுண்டுவின் மறுபக்கம் வந்தாள். குனிந்து, காதோடு, "என்னடி ஆச்சு அவளுக்கு? நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" என்றாள். அப்புறம், பழைய நாட்களைப் போல, தலையைச் சுண்டுவின் தோளில் சாய்த்தாள். "நீ மட்டும்தான்டி மாறவே மாட்டே."

சுண்டுவின் நெஞ்சுக்குள் சூடான ஏதோ ஒன்று பரவியது. வெட்கப்படவேண்டிய சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம். நெட்டையின் முடியில் புகையும் வியர்வையும் மணத்தன. அசைந்தால் அவள் எழுந்துவிடுவாளோ என்று மூச்சைக்கூட அடக்கி விட்டாள். வந்தவள் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இது போதும். இப்படியே இருந்தால் போதும்.

தீ ஒருமுறை ஓங்கி எரிந்தது. யதேச்சையாக டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடி.

கிட்டப்பார்வைக் கண்ணாடியைப் போட்டவரைப் பக்கவாட்டில் பார்த்தால், வில்லைக்குள் தெரியும் கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரியும். முகத்தின் கோடு அந்த இடத்தில் வெட்டுப்பட்டு விலகும். பவர் கூடக் கூட அதிகமாக விலகும். தினமும் பார்க்கிறாள். காலையில் ஜீப்பில் இந்த முகத்திலேயே பார்த்தாள். இப்போது கோடு விலகவில்லை. கன்னம் நேராக, வழவழவென்று, வில்லைக்குள்ளும் வெளியேயும் ஒரே கோடாக ஓடியது. வெறும் கண்ணாடி. கண்ணாடி என்றால் எப்படி இருக்கும் என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அது எதற்கு என்று தெரியாமல் செய்துகொண்டது போல.

தீக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தும், அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குளிர். தோண்டிய மண்ணின் குளிர்.

"டீக்குத் தண்ணி வேணும்" என்று மாமா எழுந்தான். "முழுசா இருட்டுறதுக்குள்ள சுனைக்குப் போயிட்டு வந்துடலாம். யார் வர்றா?"

"நான் வர்றேன்" என்று சுண்டு எழப்போனாள்.

"உன் முட்டியை வெச்சுக்கிட்டா? உட்காருடி." நெட்டை எழுந்து பாட்டில்களை எடுத்தாள்.

"இல்ல, நானும்..."

"சுண்டு என்கூட இருக்கட்டும்" என்றாள் டாக்டர்.

நெட்டை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுண்டுவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது; காலையிலிருந்து அவளே பார்த்துக்கொண்டிருந்த பார்வை. "சரி, இருங்க ரெண்டு பேரும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நெட்டை நடந்தாள். மாமாவின் டார்ச் வெளிச்சம் மரங்களுக்குள் ஆடி ஆடிச் சிறுத்தது. பேச்சுச் சத்தம் தேய்ந்தது. பிறகு தீ சடசடப்பது மட்டும்.

சுண்டு தீயையே பார்த்தாள். பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று கழுத்துக்கே தெரிந்திருந்தது.

"நீ காத்திருக்கலை" என்றது அது.

கோபமாக இல்லை. பாராட்டுவது போல இருந்தது.

அப்போதுதான் பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சின்னது. எதிர்ச்சரிவில், மூங்கிலுக்கு நடுவே, மறைந்து மறைந்து வந்தது. கூடவே ஒரு குரல். கத்திக் கத்தி உடைந்துபோன குரல்.

"யாராவது இருக்கீங்களா... சுண்டு... சுண்டு, இருக்கீங்களா..."

டாக்டரின் குரல்.

பக்கத்தில் இருந்தது தலையைச் சாய்த்துக் கேட்டது.

"கண்ணாடி விழுந்துடுச்சு... எனக்கு ஒண்ணும் தெரியல... தீ மாதிரி ஏதோ தெரியுது... அங்கே இருக்கீங்களா?"

பள்ளம். நடுவில் பள்ளம். அவளுக்குத் தெரியாது. நில்லுங்க, அப்படியே நில்லுங்க, ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சுண்டு எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் அம்புக்குறி ஞாபகம் வந்தது.

டாக்டர் வந்து சேர்ந்தால் சொல்வாள். குச்சி வலது பக்கம் காட்டியதைச் சொல்வாள். இருக்கேன் என்று சொன்னவள் இல்லாமல் போனதைச் சொல்வாள். நெட்டை கேட்பாள். மணிக்கட்டைப் பிசைந்துகொண்டே கேட்பாள். தோளில் இருந்த அந்த எடை...

ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நேரம்தான் சுண்டு சும்மா இருந்தாள்.

அது போதுமாக இருந்தது.

"இங்கதான் டாக்டர்!"

சுண்டுவின் குரல். கொஞ்சம் கீச்சென்று, கடைசி எழுத்தை இழுக்கிற அவளுடைய அதே குரல். ஆனால் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"நேரா வாங்க! வெளிச்சத்தைப் பார்த்தே வாங்க! ஒண்ணும் இல்ல, சமதரைதான்!"

"அப்பாடா..." எதிர்ச்சரிவில் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம். "வர்றேன்... நீங்க இருங்க, வர்றேன்..."

சுண்டு கத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. குரல் இல்லை. குரல் இருந்த இடம் வழித்துத் துடைத்த பாத்திரம்போல இருந்தது. விளிம்பை நோக்கி ஓடினாள், இரண்டு கையையும் ஆட்டினாள். தீக்கு முன்னால் ஆடிய அந்தக் கைகள் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வா வா என்று கூப்பிடுவதாக.

வெளிச்சம் வேகமாக வந்தது.

வந்தது.

கீழே போனது.

அலறல் இல்லை. கல் உருளும் சத்தம். அது நிற்க நேரமாயிற்று. பிறகு, ஆழத்தில், ஒரு புள்ளி வெளிச்சம் மட்டும் அசையாமல் கிடந்தது. அதுவும் அணைந்தது.

சுனைப்பக்கமிருந்து நெட்டையின் குரல் வந்தது. "சுண்டு! யாரைடி கூப்பிடுறே?"

"சும்மாடி!" என்றது தீயருகே இருந்தது, சுண்டுவின் சிரிப்போடு. "எதிரொலி வருதான்னு பார்த்தேன்!"

சுண்டு திரும்பினாள். தீக்கு அந்தப்பக்கம் ஓர் உருவம் குனிந்து சுள்ளியை ஒடித்துக்கொண்டிருந்தது. குள்ளமான உருவம். குறுகிய தோள். ஒரு முட்டியை மடக்காமல் நீட்டி உட்கார்ந்திருந்தது, வலிக்கிற முட்டியை நீட்டுவது போல.

காலடிகள் வந்தன. டார்ச் வந்தது. மாமா பாத்திரத்தைத் தீயில் ஏற்றினான். நெட்டை பாட்டில்களைப் போட்டுவிட்டு, விளிம்போரம் நின்ற சுண்டுவைப் பார்த்தாள்.

"என்ன டாக்டர், அங்க போய் நிக்கிறே? மாமா திட்டப்போறாரு." குரலில் இன்னும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "நீ என்கூடக் காய் விட்டா விட்டுக்கோ போ. எனக்கு என் சுண்டு இருக்கா."

சுண்டு அவள் கையைப் பிடித்தாள். தலையை ஆட்டினாள், வாயை அசைத்தாள், நான்டி, நான்டி, நான்டி. தன் கை நெட்டையின் கையில் நீளமாக, வெளுத்து, டாக்டரின் கையாகக் கிடந்ததைப் பார்த்தாள். நெட்டை மெல்ல உருவிக்கொண்டாள். "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு? போய்ப் படு."

அவள் தீக்கு அந்தப்பக்கம் போனாள். "நகருடி குட்டச்சி" என்றாள். காலை நீட்டிப் படுத்து, தலையை அதன் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ பழைய கதை பேச ஆரம்பித்தாள். மாமா டீத்தூளைத் தேடிக்கொண்டு பைக்குள் தலையை விட்டிருந்தான்.

சின்னஞ்சிறு விரல்கள் நெட்டையின் முடியைக் கோதின. நெற்றியிலிருந்து ஒதுக்கின. காதோரம் ஒதுக்கின. கழுத்திலிருந்தும் ஒதுக்கின. நெட்டையின் தொண்டை தீ வெளிச்சத்தில் பேச்சுக்குப் பேச்சு ஏறி இறங்கியது. அதைப் பார்த்தபடி, சுண்டுவின் முகத்தைப் போட்டிருந்த அது மெதுவாகக் குனிந்தது. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. ஒரு வாய் திறக்க முடிந்ததைத் தாண்டியும், சத்தமே இல்லாமல், திறந்துகொண்டே போனது.